தாது வருஷப் பஞ்சம்: பழைய சேலம் மாவட்டத்தில் எத்தனை பேர் செத்தார்கள், எப்படிக் கணக்குப் போடுவது?

#1 | கர்ணம்கணக்கு

தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876-78 பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே 55 லட்சம், 82 லட்சம் என்று ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிப் போடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். நான் எடுப்பது அன்றைய சேலம் மாவட்டம். இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். திருப்பத்தூரும் அதில்தான் இருந்தது. இன்றைய மாவட்ட எல்லையை வைத்துக்கொண்டு பழைய சென்சஸைப் படித்தால் தொடக்கத்திலேயே கணக்கு கெட்டுவிடும்.

முதலில் கையில் இருக்கும் எண்கள். 1871 நவம்பர் 15 கணக்கெடுப்பில் 19,66,995 பேர். 1881 பிப்ரவரி 17 கணக்கெடுப்பில் 15,99,595 பேர். வித்தியாசம் 3,67,400. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 19 பேரைக் காணவில்லை. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 1871க்கும் 1876க்கும் நடுவில் ஜனத்தொகை கூடியிருக்கும் அல்லவா? அதையும் சேர்த்துத்தான் பஞ்சம் கொண்டுபோயிருக்கிறது.

ஆகவே அடுத்து, பஞ்சமே வராமல் இருந்தால் 1881ல் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு கணக்கெடுப்புக்கும் இடைவெளி 9 வருஷம் 3 மாதம், 10 வருஷம் இல்லை. ஆண்டுக்கு 0.6% வளர்ச்சி என்று குறைவாகவே வைத்தாலும் 20.79 லட்சம் வருகிறது. பள்ளம், அதாவது இருந்திருக்க வேண்டியதற்கும் 1881ல் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசம், 4.79 லட்சம். 1% என்று வைத்தால் 21.57 லட்சம்; பள்ளம் 5.57 லட்சம்.

இந்தப் பள்ளம் முழுவதும் சாவு என்று எழுதிவிடக் கூடாது. பிறக்காமல் போன குழந்தைகளும் இதில் இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 45 பிறப்பு என்று கொண்டால், 20 லட்சம் பேருக்கு 90,000 குழந்தைகள். பட்டினியில் கருத்தரிப்பு நின்றுபோகும். ஒன்றரை வருஷத்துக்குப் பிறப்பு பாதியாகக் குறைந்தால் 67,500 குழந்தைகள் பிறந்திருக்க மாட்டார்கள். பிறந்திருந்தாலும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கு 1881 வரை தாங்கியிருக்காது. எனவே கழிக்க வேண்டியது சுமார் 45,000. ஊரை விட்டுப் போய்த் திரும்பாதவர்கள் 40,000 என்று ஒரு ஊகம் வைக்கிறேன்.

மிச்சம்: 3.9 லட்சம் முதல் 4.7 லட்சம் வரை. ஒரே மாவட்டத்தில், ஏறக்குறைய இரண்டு வருஷத்தில். இதில் எந்தப் படி தப்பு என்று தோன்றுகிறதோ சொல்லுங்கள்.

#2 | சோளக்கொல்லை

கணக்கு சரியாக இருக்கிறது ஐயா, ஆனால் மூன்று இடங்களில் ஆட்டம் காணும்.

ஒன்று, 1871 கணக்கெடுப்பு. சென்னை மாகாணம் முழுவதற்கும் முறையாக எடுத்த முதல் பெரிய கணக்கு அது. ஆளெண்ணுவது வரி போடத்தான் என்று ஜனங்கள் பயந்த காலம். மலைக் கிராமங்களும் விடுபட்டிருக்கும். 1881ல் எடுத்தது அதைவிடச் சுத்தமான கணக்கு. முன்னதில் குறைத்து எண்ணி, பின்னதில் சரியாக எண்ணினால், உண்மையான இழப்பு கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இரண்டு, பஞ்சத்தில் செத்தவர்களில் கிழவர்களும் நோயாளிகளும் உண்டு. பஞ்சம் வராவிட்டாலும் அவர்களில் ஒரு பகுதியினர் 1881க்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பள்ளத்தை மட்டும் அளந்தால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். அதாவது 1877, 78ல் விழுந்த பிணங்களின் எண்ணிக்கை உங்கள் விடையைவிடக் கூடும்.

மூன்று, பஞ்சம் முடிந்த கையோடு பிறப்பு எகிறும். 1879, 80ல் பிறந்தவர்கள் பள்ளத்தில் கொஞ்சம் மண் தள்ளியிருப்பார்கள். இந்த மூன்றுமே சாவைக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் இழுக்கின்றன. ஆகவே 3.9 லட்சம் என்பதைக் கீழெல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மணியக்காரரும் (ஊர்த் தலைவர்) கர்ணமும் (ஊர்க் கணக்கர்) எழுதிய ஜனன மரணப் பதிவை நம்பி யாரும் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் செத்தவன் பெயர்தான் அதில் ஏறும். சாலையோரம், சத்திரத்துத் திண்ணை, கஞ்சித்தொட்டி வாசல் என்று ஊர் பெயர் தெரியாமல் விழுந்தவர்களை எந்த ஊர்க் கணக்கில் ஏற்றுவது? பல இடங்களில் பதிவு எழுத வேண்டியவரே ஊரில் இருந்திருக்க மாட்டார்.

#3 | மதகடி

எண்ணோடு இடத்தையும் பாருங்கள். அதே 1871-81ல் தஞ்சாவூர் மாவட்டம் சுமார் 19.7 லட்சத்திலிருந்து 21.3 லட்சமாகக் கூடியிருக்கிறது. சேலத்தில் நூற்றுக்கு 19 குறைவு, தஞ்சையில் நூற்றுக்கு 8 கூடுதல். அதே மாகாணம், அதே கவர்னர், அதே பருவமழைப் பொய்ப்பு. வித்தியாசம் பாசனத்தில். அதனால்தான் சொல்கிறேன், குடிமராமத்து (ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரி, கால்வாயைப் பராமரிக்கும் வழக்கம்) ஒழுங்காக நடந்து, ஏரிகளைத் தூர்வாரி வைத்திருந்தால் சேலத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஒவ்வொரு விவசாயியிடமும் சர்க்கார் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்த பிறகு ஏரி சர்க்கார் சொத்தாகிவிட்டது, ஊர்க்காரன் கை விட்டுவிட்டான். ஏரி, கால்வாய் வேலைக்கு ஊர்க்காரனைக் கட்டாயப்படுத்த 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட வேண்டிய நிலை வந்ததே அதற்குச் சாட்சி.

#4 | கர்ணம்கணக்கு

மதகடி, ஏரி சீரழிந்தது உண்மை. அது இந்தப் பஞ்சத்தைத் தடுத்திருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தஞ்சாவூரைக் காப்பாற்றியது காவிரி. காவிரிக்குத் தண்ணீர் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் வருகிறது. அந்த மழை குறைந்தாலும் ஆற்றில் ஏதோ ஒரு அளவு ஓடும். 1836ல் கட்டிய மேலணை அதைக் காவிரிப் பக்கம் திருப்பிக் கொடுத்தது. சேலத்து ஏரி அப்படியில்லை. மேலே பத்து இருபது சதுர மைல் மானாவாரிக் காட்டில் பெய்கிற மழை வரத்துக் கால்வாய் வழியாக வந்தால்தான் அது நிறையும். நிறைந்தாலும் ஒரு போகத்துக்கு, மூன்று நான்கு மாதத்துக்குத் தாங்கும். ஒரு வருஷ மழை தப்பினால் ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில்) உள்ள கிணற்றில் ஊற்று இருக்கும், சமாளிக்கலாம். 1876ல் இரண்டு பருவமும் பொய்த்து, 1877 தென்மேற்கும் செப்டம்பர் வரை கையை விரித்துவிட்டது. தூர்வாரிய ஏரியாக இருந்தாலும் உள்ளே வர தண்ணீர் வேண்டுமே.

அது போக, சேலத்தில் பெரும்பாலான நிலம் புன்செய். கம்பு, கேழ்வரகு, சோளம். ஏரிப் பாசனம் என்பது சிறு பங்கு. கூலிக்காரன் வயிறு புன்செய்த் தானியத்தில்தான் இருந்தது.

#5 | புதுவாசகர்

ஒரு சந்தேகம். சேலத்துக்கு 1860களிலேயே ரயில் வந்துவிட்டதே? சென்னைத் துறைமுகத்தில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதாகப் படித்தேன். தானியமும் இருந்து, ரயிலும் இருந்து, ஜனங்கள் ஏன் செத்தார்கள்?

#6 | கூலிவிலை

இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு தடைகள். ஒன்று ஸ்டேஷனைத் தாண்டி, இன்னொன்று கடை வாசலில்.

ஸ்டேஷனைத் தாண்டி என்ன நடந்தது என்று பாருங்கள். ரயில் பாதை ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம், ஈரோடு என்று ஒரே கோடு. தர்மபுரி, நாமக்கல், ஓசூர் எல்லாம் வண்டிப் பாதைதான். ஒரு மாட்டு வண்டி சுமார் 450 கிலோ ஏற்றி, நாளைக்கு 10, 12 மைல் போகும். ஸ்டேஷனிலிருந்து 30 மைல் தள்ளி ஒரு ஊர் என்றால் போக 3 நாள், வர 3 நாள். ஒரு ஜோடி மாட்டுக்கு நாளைக்கு 12 கிலோ வைக்கோல் என்றாலும் 72 கிலோ. வழியில் புல் இருந்தால் வைக்கோல் ஏற்ற வேண்டாம். பஞ்சத்தில் புல்லும் இல்லை, வைக்கோல் விலை தானிய விலையோடு போட்டி போடுகிறது, வழிக்கிணறு வறண்டு கிடக்கிறது. ஏற்றிய பாரத்தில் ஆறில் ஒரு பங்கு மாட்டுத் தீனிக்கே போனால் வண்டிக்காரன் வாடகையை ஏற்றுவான், அல்லது வரவே மாட்டான். மாடு செத்துவிட்டால் அதுவும் இல்லை. மழை பெய்த பிறகும் உழ மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்ததற்கும் காரணம் இதுவே.

இதைவிடப் பெரிய தடை கடை வாசலில். ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். கூலி நாளைக்கு 2 அணா (16 அணா ஒரு ரூபாய்). ரூபாய்க்கு 28 பவுண்டு கேழ்வரகு கிடைக்கும் காலத்தில் அந்த 2 அணாவுக்கு மூன்றரைப் பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் கூழ் குடிக்கலாம். விலை மூன்று மடங்கானால் அதே கூலிக்கு ஒரு பவுண்டு சொச்சம். அதுவும் கூலி கிடைத்தால். மழை இல்லாத காட்டில் களையெடுப்பு ஏது, அறுப்பு ஏது? கூலி பூஜ்யம் ஆனவனுக்கு விலை மூன்று மடங்கானால் என்ன, முப்பது மடங்கானால் என்ன?

ரயில் செய்த இன்னொரு வேலையும் உண்டு. விலை ஏறும் செய்தி தந்தியில் ஒரே நாளில் எல்லாச் சந்தைக்கும் போய்விடும். விளைச்சல் ஓரளவு இருந்த ஊரிலும் வியாபாரி மூட்டையை இறுக்கிக் கட்டிவிடுவான், அல்லது அதிக விலை கிடைக்கும் டவுனுக்கு ஏற்றிவிடுவான். தானியம் ஜனங்கள் சாகும் ஊரை விட்டுப் பணம் இருக்கும் ஊருக்குப் போகும். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது. ஏறக்குறைய 3,20,000 டன். அமர்த்தியா சென் பிற்காலத்தில் வேறு பஞ்சங்களை வைத்து விளக்கியதும் இதையேதான்: சந்தையில் தானியம் இருக்கும், அதை வாங்கும் உரிமை கையில் இருக்காது.

#7 | சோளக்கொல்லை

கூலிவிலை சொன்னதோடு சர்க்கார் கொடுத்த கூலியையும் சேர்க்க வேண்டும். நிவாரண வேலை என்று கல்லுடைக்கவும் கரை போடவும் ஜனங்களைச் சேர்த்தார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, ஆண் ஆளுக்கு நாளைக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

1 பவுண்டு 450 கிராம். அரிசியானால் சுமார் 1,550 கலோரி, கேழ்வரகானால் 1,500க்குள். மண் சுமப்பதும் கல்லுடைப்பதும் நாள் முழுக்கச் செய்கிறவனுக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். அந்த 1 அணாவில் உப்பு, மிளகாய், விறகு, பருப்பு எல்லாம் வாங்க வேண்டும். வேலைக்கு வர முடியாத கிழவியும் கைக்குழந்தையும் அந்தக் கூலியில்தான் பங்கு கேட்கும்.

இதை அன்றே எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். ஒன்றரைப் பவுண்டு, அதாவது 680 கிராம் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிய மனிதரே, அவர்கள் எப்படித் தேய்கிறார்கள் என்றும் பார்க்க நேர்ந்தது. கடைசியில் சென்னை அரசு 1877லேயே பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கலோரிக் கணக்கில் சுமார் 2,100. அதுவும் போதாது.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. வேலை அளவு நிர்ணயித்து வாங்கும் இடத்தில், தெம்பில்லாதவன் அளவை முடிக்க மாட்டான். முடிக்காவிட்டால் கூலி வெட்டு. கூலி வெட்டினால் நாளைக்கு இன்னும் தெம்பு குறையும். முகாமில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், ஒரே குட்டைத் தண்ணீர். காலராவும் வயிற்றுக் கடுப்பும் வந்து மிச்சத்தை முடிக்கும். பஞ்சச் சாவுகளில் நேரடிப் பட்டினியைவிட நோயின் பெயரில் பதிவானவையே அதிகம். 1877 கடைசியில் மழை வந்தபோது காய்ச்சல் வந்தது. பயிர் தலைகாட்டிய பிறகும் ஜனங்கள் செத்தார்கள்.

#8 | ஆவணப்பிரியன்

மறுபக்கத்தையும் வைக்கிறேன், கோபப்பட வேண்டாம். அன்றைய சர்க்காரிடம் பணம் இல்லை, வெள்ளி விலை சரிந்து வெள்ளி ரூபாயின் மதிப்பும் குறைந்துகொண்டிருந்தது, இவ்வளவு பெரிய பஞ்சத்தைச் சமாளித்த அனுபவமும் கிடையாது. லட்சக்கணக்கான பேருக்கு நிவாரண வேலை கொடுத்ததே பெரிய காரியம். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான். கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் அதனால்தான் அந்தக் கால்வாய்க்கு வந்தது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

#9 | கூலிவிலை

ஆவணப்பிரியன், கவர்னரையும் வைஸ்ராயையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் சரி. பக்கிங்ஹாம் பிரபு 1876 கடைசியில் 30,000 டன் தானியம் வாங்கச் செய்தார். தனியார் வியாபாரத்தில் தலையிடுகிறார் என்று மேலிடம் கண்டித்தது. தானிய வியாபாரத்தில் சர்க்கார் கை வைத்தால் வியாபாரி ஒதுங்கிவிடுவான் என்பது அவர்களது வேதவாக்கு.

அனுபவம் இல்லை என்பதை ஏற்க முடியாது. மூன்றே வருஷத்துக்கு முன், 1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏறக்குறைய 4.5 லட்சம் டன் அரிசி தருவித்து, பெருஞ்சாவு இல்லாமல் காப்பாற்றினார்கள். அதை நடத்தியவர் யார் தெரியுமா? இதே ரிச்சர்ட் டெம்பிள். அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த மனிதர்தான் சென்னைக்கு வந்து ஒரு பவுண்டு போதும் என்றார். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியும். காப்பாற்றினால் யாரிடம் திட்டு வாங்க வேண்டும் என்றும் தெரியும்.

பணம் இல்லை என்பதற்கும் பதில் உண்டு. பஞ்சத்தின் நடுவிலேயே, 1877 ஜனவரி 1ல், விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லி தர்பார் என்ற ஆடம்பர விழா நடந்தது; அதற்குப் பணம் இருந்தது. பஞ்சம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதி என்று புது வரி போட்டார்கள். ஆப்கானிஸ்தான் சண்டை வந்ததும் அந்த நிதி திசை மாறியது. இதைப் படிக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த வரியைக் கட்டியவர்களில் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

#10 | மதகடி

ஏரியைப் பற்றி கர்ணம்கணக்கு சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை திரும்பியபோது நிலைமை என்ன? கலிங்கு (ஏரியின் மிகுதி நீர் வெளியேறும் வழி) உடைந்து, மதகு அடைத்து, வரத்துக் கால்வாயில் முள் மண்டிக் கிடந்தால் 1877 அக்டோபர் மழை சும்மா ஓடிப்போயிருக்கும். நிவாரண வேலைக் கூலியில் ரோட்டுக்குக் கல்லுடைத்த ஆட்களை அந்தந்த ஊர் ஏரியில் இறக்கியிருந்தால், பத்து மைல் தள்ளி முகாமில் போய்ச் சாக வேண்டியிருக்காது. ஏரி வேலையும் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சிறு சிறு வேலைகளைக் கண்காணிக்க ஆள் இல்லை, ஜனங்கள் ஏமாற்றுவார்கள் என்று பெரிய வேலைகளின் பக்கமே சாய்ந்தார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கொடுத்தால் உண்மையான தேவை இல்லாதவனும் வருவானாம். பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1878ல் லண்டனில் பாராளுமன்றக் குழு முன்னால் ரயிலை விடப் பாசனத்துக்குப் பணம் போடுங்கள் என்று வாதாடியதையும் இங்கே நினைக்க வேண்டும்.

#11 | புதுவாசகர்

நன்றி. இன்னும் ஒன்று: யார் முதலில் செத்தார்கள் என்று கணக்கில் தெரியுமா?

#12 | கர்ணம்கணக்கு

ஜாதிவாரி, தொழில்வாரிச் சாவுக்கு நேரான பதிவு கிடைக்காது. ஆனால் 1881 அட்டவணைகளில் இரண்டு தடயங்களைத் தேடலாம்.

முதல் தடயம் ஆண், பெண் விகிதம். 1881ல் சென்னை மாகாணத்தில் ஆண்கள் 1.54 கோடி, பெண்கள் 1.57 கோடி. பஞ்சத்தில் ஆண்கள் கூடுதலாகச் சாவது உலகம் முழுக்கக் காணும் போக்கு. பெண் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு அதிகம், தேவைப்படும் கலோரி குறைவு. ஆனால் எல்லா வித்தியாசத்தையும் சாவின் கணக்கில் எழுதாதீர்கள். பிழைப்புத் தேடி வெளியே போனவர்களிலும் ஆண்களே அதிகம்.

இரண்டாவது தடயம் வயது அட்டவணை. 1877 கடைசி முதல் 1878 முடிய பிறந்திருக்க வேண்டியவர்கள் 1881 பிப்ரவரியில் 2, 3 வயதில் இருப்பார்கள். அந்த வரியில் ஒரு பள்ளம் விழும். அதற்கு மேலே 4 முதல் 8 வயது வரை இன்னொரு குறைவு. அவர்கள் பிறந்து, பஞ்சத்தில் செத்த குழந்தைகள். முதல் பள்ளத்தைச் சாவு என்று எண்ணினால் தவறு, இரண்டாவதைப் பிறப்புக் குறைவு என்று எண்ணினாலும் தவறு. வயது சொல்வதில் அன்று எல்லாரும் 5, 10, 20 என்று முழு எண்ணாகச் சொன்னதால் தனித்தனி வயதை நம்பாமல் ஐந்தாண்டுத் தொகுதியாகக் கூட்டிப் பாருங்கள். தொகுதியாக்கினால் பள்ளம் கொஞ்சம் மழுங்கும், அது தவிர்க்க முடியாதது.

தொழில்வாரியாகப் பார்த்தால் நிலமில்லாத கூலிக்காரர்களும் நெசவாளர்களும் முதல் வரிசை. சேலத்தில் தறி அதிகம். சோற்றுக்கே இல்லாதவன் வேட்டி வாங்க மாட்டான். கேழ்வரகு விலை ஏறிய அன்றே துணி விற்பனை நின்றுவிடும். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை, கல்லுடைக்கும் இடத்தில் அளவை முடிக்காது. அதனால்தான் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துத் துணியாகத் திரும்ப வாங்கும் தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது.

#13 | கடல்வழி

40,000 பேர் வெளியேறித் திரும்பவில்லை என்ற ஊகத்தைப் பற்றி மட்டும். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கணக்கிடும்போது "வந்தவர்கள்" என்ற எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் காலத்துத் தோட்டக் கூலி பருவத்துக்குப் போய்த் திரும்புகிற ஆள்; ஒரே ஆள் இரண்டு தடவை போனால் இரண்டு பேராகப் பதிவாகும். வந்தவர்களில் திரும்பியவர்களைக் கழித்து, வழியில் செத்தவர்களையும் கழிக்க வேண்டும். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிக்கொண்டு போன கூட்டம் தொண்டி, பாம்பன் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, வடக்குச் சாலையில் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தது. ஊரிலேயே எலும்பாகிப் போனவன் அந்த வழியை முடித்திருப்பானா? அவன் சேலத்துக் கணக்கில் "வெளியேறியவன்", இலங்கைக் கணக்கில் இல்லவே இல்லை. அந்தச் சாவு பஞ்சச் சாவுதான். ஆகவே 40,000ஐ முழுவதாகக் கழிக்காதீர்கள்.

#14 | கர்ணம்கணக்கு

கடல்வழி சொன்னது நியாயம். பாதியைக் கழித்தால் 4.1 முதல் 4.9 லட்சம் என்று வரும். சோளக்கொல்லை சொன்ன மூன்று திருத்தங்களும் இதற்கு மேலே.

அடுத்து மைசூரைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 1871ல் 50,55,412, 1881ல் 41,86,188. அங்கே நேரடி வித்தியாசமே 8.69 லட்சம். வளர்ச்சி விகிதத்தை 0.6, 0.8, 1 என்று மூன்றாகப் போட்டு மூன்று விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே விடை போட்டால் அது நீங்கள் தேர்ந்தெடுத்த விகிதத்தின் விடையாகத்தான் இருக்கும். சேலத்துக்கு மட்டும் இன்னொரு சரிபார்ப்பு உண்டு. 1891 கணக்கில் சுமார் 19.6 லட்சம். 1871ல் இருந்த எண்ணிக்கையை இருபது வருஷம் கழித்தும் மாவட்டம் எட்டவில்லை. 1881லிருந்து 1891க்கு வந்த வளர்ச்சி ஆண்டுக்கு 2% சொச்சம் வருகிறதே என்று யோசிப்பீர்கள். அதில் திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள், பஞ்சத்துக்குப் பின் எகிறிய பிறப்பும் இருக்கும். அந்த விகிதத்தை எடுத்து 1871-76க்குப் போட்டுவிடாதீர்கள்.